நாத்தனார் வீட்டு மணி

தையல்காரிக்குக் கல்யாணமான நாளிலிருந்தே ஒரு சக்களத்தி உண்டு. கறுப்பு உடம்பு, வரிசையாக வெள்ளைக் கட்டைகள், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். கச்சேரிகளில் கீபோர்டு வாசித்த புருஷன் அதைத் தோளில் சுமந்து வருவார். மழை வந்தால் குடை அதற்குத்தான். இவள் நனைந்துகொண்டே பின்னால் நடப்பாள். சண்டை போட்டுப் பார்த்தாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். சக்களத்தி அசைந்து கொடுக்கவில்லை.

பிறகு பக்கவாதம் வந்து அவருடைய வலப்பக்கம் விழுந்தது. பேச்சும் போயிற்று. மிச்சம் இருந்தது ‘ம்’, ‘ஆ’ என்ற இரண்டே சத்தம். தண்ணீர், முதுகுவலி, சிறுநீர், எரிச்சல் எல்லாம் அந்த இரண்டுக்குள் அடக்கம். பிரித்துப் புரிந்துகொள்ள அவளால் மட்டுமே முடிந்தது. பார்க்க வருகிறவர்கள் “என்ன சொல்றார்?” என்று அவள் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். தூக்கித் தூக்கி அவள் இடுப்பு ஒடிந்தாலும், கல்யாணமாகி முதல் தடவையாக அவர் முழுக்க அவளுடையவராக இருந்தார். இதை வெளியே சொல்ல முடியுமா?

கச்சேரிக் கூட்டாளியான மைக்செட்காரர் ஒருநாள் வந்தார். கட்டிலுக்கடியில் கிடந்த கீபோர்டை இழுத்துத் தூசி தட்டினார்.

“சத்தம்தான் செத்துப்போச்சு அக்கா. கட்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மாஸ்டருக்கு வேற வேலைக்கு ஆகும்.”

தையல் மேசையை ஆக்கிரமித்து, மேலே ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலால் ஒரு தழும்பும் வைத்து, கீபோர்டின் குடலை உருவினார். பழைய சர்க்யூட் போர்டு குப்பைக்குப் போனது. உள்ளங்கை அகலத்தில் புதுசு ஒன்று உட்கார்ந்தது. இடது கைக்கு எட்டும் கட்டைகளுக்குக் கம்பி இழுத்தார். ஒன்றை அமுக்கினால் லைட், ஒன்றுக்கு ஃபேன், ஒன்றுக்கு டிவி, ஒன்றுக்குச் சமையலறையில் மணி. இன்னும் ஒன்று மாடிப்படிக்கு எதிர்ப்புறம் இருந்த நாத்தனார் வீட்டு மணிக்கு.

கடைசியை யாரும் கேட்கவில்லை, நாத்தனாரைத் தவிர. “எனக்கும் ஒரு கட்டை ஒதுக்குப்பா. என் தம்பிதானே அவன்.”

அடையாளத்துக்குக் கட்டைகள்மேல் துணித்துண்டு ஒட்டியது தையல்காரி. சமையலறை மணிக்கு நல்ல சிவப்பு. நாத்தனார் கட்டைக்கு, தேடிப்பிடித்து, அழுக்குச் சாம்பல்.

ஆனாலும் அந்தச் சாம்பல் மணிதான் அடித்தது. பொழுது சாய்ந்தால் போதும், பாதி வாரிய தலையோடு நாத்தனார் வந்து நிற்பாள்.

“தம்பி கூப்பிட்டான்.”

“நீங்களா கூப்பிட்டீங்க?” என்று தையல்காரி கட்டிலைக் கேட்பாள்.

“ஆ” என்பார் அவர். எல்லா ‘ஆ’வும் புரிந்தவளுக்கு இந்த ‘ஆ’ மட்டும் பிடிபடவில்லை.

“சின்ன வயசுலயும் இப்படித்தான். விளக்கு வெச்சா இவனுக்கு அக்கா வேணும்” என்று நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். பெருமை தாங்காது.

தையல்காரிக்குக் காதில் புகை வந்தது. குளிப்பாட்டிக் கழுவித் துடைக்க அவள், ஆசையாய்க் கூப்பிட அக்காவா? ஊட்டும்போது ஸ்பூன் அவர் பல்லில் இடித்தது. ஸ்பூன் பல்லில் இடித்தால் கை நடுங்குகிறது என்று பொருளில்லை, ஊட்டுகிறவருக்குக் கோபம் என்று பொருள்.

மைக்செட்காரரை வரவழைத்தாள். “அந்தச் சாம்பல் கட்டையைப் பிடுங்கிப் போடு.”

“ஏன் அக்கா, பாவம் அது என்ன பண்ணுச்சு?” என்றவர் காத்திருந்து பார்த்தார். இருட்டியதும் மாஸ்டரின் இடது கை எழுந்து கட்டைகள்மேல் விழுந்தது. லைட், ஃபேன், டிவி மூன்றும் ஒரே நேரத்தில். எதிர்வீட்டில் மணி அடித்தது.

மைக்செட்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “தப்பு என்னுதுக்கா. மூணு கட்டையைச் சேர்த்து அமுக்கினா கரண்டு சுத்திப்போய் அந்தச் சாம்பலையும் அமுக்கின மாதிரி காட்டும். அதைத் தடுக்கக் கட்டைக்கு ஒண்ணா, கரண்டை ஒரு பக்கமா மட்டும் விடுற டயோடு வெக்கணும். படுத்திருக்கிறவர் ஒண்ணொண்ணாத்தானே அமுக்குவார்னு விட்டுட்டேன். இந்தக் கை இன்னும் கச்சேரியிலதான் இருக்கு, மூணு மூணாத்தான் விழுது.”

“அப்ப அவர் கூப்பிடவே இல்லையா?”

“எங்க கூப்பிட்டார்? பேய் அடிச்ச மணி அது.”

தையல்காரியின் வயிறு குளிர்ந்தது. அதற்குள் நாத்தனார் வாசலில் நின்றாள். சொல்லிவிடலாம்தான். ஆனால் இவ்வளவு ருசியான விஷயத்தை அவசரமாக விழுங்க மனம் வரவில்லை. ஆற அமரச் சொல்வோம் என்று வைத்துக்கொண்டாள்.

டயோடுகள் ஏறின. சாம்பல் மணி வாயை மூடியது. நாத்தனார் வருவது நின்றது. கூப்பிடாமல் வர அவள் ரோஷம் விடாது. ஒருநாள் படியில் எதிர்ப்பட்டாள்.

“மணி ரிப்பேரா?”

“இல்லையே அண்ணி, நல்லாத்தான் இருக்கு.”

“சரி.” கதவு சாத்திக்கொண்டது. நாக்கு நுனிவரை வந்த உண்மை அங்கேயே நின்றது.

அந்த வாரமே அவர் இடுப்பெலும்பின்மேல் சிவப்புத் தெரிந்தது. விரல் வைத்து அமுக்கினாள், வெளுக்கவில்லை. வெளுக்காத சிவப்பு படுக்கைப்புண்ணின் ஆரம்பம். சரியாகப் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி இழுத்தால் தோல் உரசும். இத்தனை நாள் பேச்சோடு பேச்சாகக் காலைப் பிடித்தது நாத்தனார்தான். போய்க் கூப்பிடலாம். “உனக்கு எடுபிடி வேலை செய்யவா நான் குடிவந்தேன்?” என்று முன்பு ஒருமுறை கேட்டவள் அவள். தம்பி கூப்பிட்டால் மட்டும்தான் வருவாள்.

தையல்காரி எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தாள். பிறகு குனிந்து சாம்பல் கட்டையை அமுக்கினாள்.

செருப்பு கால் மாறிப் போட்டபடி நாத்தனார் ஓடிவந்தாள். “கூப்பிட்டானா?”

புருஷன் பெண்டாட்டியைப் பார்த்தார். பாதி வாய் கோணிச் சிரித்தது. “ஆ” என்றார். இந்த ‘ஆ’ அவளுக்கு முழுசாகப் புரிந்தது.

“என்னம்மா சொல்றான்?”

“உங்களைத்தான் கேக்கறார்.” சொல்லும்போதே அடிவயிறு பற்றி எரிந்தது. “காலைப் பிடிங்க அண்ணி. திருப்பணும்.”

மறுநாள் பொழுது சாய்ந்ததும் மறுபடி அமுக்கினாள். எரிச்சல் ஒரு துளியும் குறையவில்லை. சிவப்பு குறைந்திருந்தது.