ஒருவரும் சாகாத பாட்டு

பத்திரிகையில் ஒரு வரியை விரலால் தொட்டு வாசித்துக்கொண்டிருந்தபோது பண்டத்தரிப்பிலிருந்து அன்ரன் அழைத்தான். எங்கள் குழுவில் கிற்றார் வாசிப்பவன். "நேசண்ணை எங்களை விட்டுப் போயிட்டார்," என்றான். நான் அந்த வரியை முடிக்காமலே பேப்பரை மடித்தேன்.

எங்கள் றொக் இசைக்குழுவைக் கேட்டவர்களுக்கு நேசண்ணையின் குரலை விளக்கத் தேவையில்லை. பாட்டுகளை எழுதியவரும் பாடியவரும் அவர். நான் டிரம்ஸ். கச்சேரியை இறந்தவர்களுக்கான பாட்டோடு தொடங்குவோம். சனம் எழுந்து நிற்கும். பல காலம் அப்படியே போயிற்று. மூவருமே களைத்திருந்தோம். அதை முதலில் சொன்னவர் அவர்தான்.

"அழுதது காணும், போதுமடா. அடுத்த அல்பம் முழுக்கச் சந்தோசம்."

"இந்த வயசிலையோ?" என்றான் அன்ரன்.

"பின்னை? செத்தாப் பிறகோ?"

என் கைகள் மெல்ல அடித்தே பழகியவை. "டேய், பிரேதத்துக்குப் பின்னாலை நடக்கிற மாதிரி அடிக்காதை," என்று தினமும் ஏசுவார்.

காங்கேசன்துறையில் முதன்முறையாகப் புதுப் பாட்டோடு தொடங்கினோம். சனம் வழக்கம்போல் எழுந்து, தலை குனிந்து நின்றது. அண்ணை பாட்டை நிறுத்தினார். "இருங்கோ, இருங்கோ. இது ஒருத்தரும் சாகாத பாட்டு." முன்வரிசையில் ஓர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

நான் எழுதப் படிக்கப் பழகியது இந்த வருடம்தான். அதனால் அல்பத்தின் கடைசிப் பாட்டைப் பெரிய எழுத்தில் எழுதித் தந்தார். நானே வாசித்தேன். அந்த மகிழ்ச்சியை எப்படி எழுதுவதென்று இன்னும் தெரியவில்லை. "நீ வாசிச்சு முடிய மாரி மழை வந்திடும்," என்றார் அண்ணை.

அந்தப் பாட்டைப் பதிவதற்குள் போய்விட்டார். அதன் இடத்தில் பழைய அழுகைப் பாட்டைப் போடலாம், சனம் அதைத்தான் எதிர்பார்க்கும் என்றான் அன்ரன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள் அண்ணையின் மனைவி மலரக்காவைக் கேட்கப் போனோம்.

"அந்த மனுசன் வேண்டாமெண்டு விட்டதை நீங்கள் திரும்பக் கொண்டு வாறியளோ? கடைசிப் பாட்டை நீங்களே பாடுங்கோ."

"எங்களுக்குக் குரல் இல்லையக்கா."

"அவருக்கு மட்டும் இருந்ததோ? ஆசை இருந்தது."

நேற்றுப் பதிந்தோம். டிரம்ஸை அடித்தபடி, தாளை வாசித்துக்கொண்டே பாடினேன். தாளம் என் வாசிப்பை முந்தி ஓடியது, மூச்சு வாங்கியது, ஒரு சொல்லை விட்டும்விட்டேன். திருப்பிப் பதிவோமா என்று அன்ரன் கேட்டான். வேண்டாமென்றேன்.

அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு பாட்டு. அவர் எழுதி, பாடக் கிடைக்காதது. இனி மேடைதோறும் நான்தான் பாடவேண்டும். இந்த வயதில் களைப்பான வேலை. ஆனாலும் அடுத்த கச்சேரி எப்போதென்று இன்று காலை அன்ரனிடம் கேட்டுவிட்டேன்.