மூன்றாவது மாடியில் தடுப்பு இல்லை

இது நடந்தது. கதை விடுகிறாள் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. நான் பேய், பிசாசு என்று பேசுகிற ஆளே கிடையாது. பெயர் மௌனிகா. கஞ்சிக்கோட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் எஞ்சினியர். போன ஜூலை மாதம், பள்ளிவாசல் என்ற மலையூரின் பக்கத்தில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த ஐந்து மாடி ஹோட்டலில் நடந்தது இது.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டடத்தை மண்ணில் கட்டும் முன் கம்ப்யூட்டரில் முழுதாகக் கட்டிப் பார்ப்போம். தூண், குழாய், வயர், கதவு, எல்லாம். அதற்கு மாடல் என்று பெயர். எது எதோடு இடிக்கிறது என்று மென்பொருளே தேடிப் பிடித்துச் சிவப்புப் புள்ளி வைக்கும். வேலை நடக்கும்போது எங்கே ஆள் தவறி விழலாம் என்றும் பார்ப்போம். அங்கெல்லாம் தற்காலிகத் தடுப்புக் கம்பிகளையும் மாடலிலேயே வரைந்துவிடுவோம். ஆபத்தை முன்கூட்டியே பிடிக்கத்தான் இவ்வளவும்.

சைட்டில் நான் ஒரு சட்டம் போட்டிருந்தேன். மாடலில் இருப்பது சைட்டில் இருக்க வேண்டும். மாடலில் இல்லாதது சைட்டில் இருக்கக் கூடாது. சூப்பர்வைசர் பிரதீப் எங்கள் ஊர்ப்பக்கம், கொழிஞ்சாம்பாறைப் பையன்தான். ஒருமுறை அவனாக ஒரு கம்பியை மாற்றி நட்டதற்கு, அத்தனை பேர் முன்னாலும் அவனை வறுத்தெடுத்தேன். அதற்குப் பிறகு கையில் இருக்கும் டேப்லெட்டைப் பார்க்காமல் ஓர் ஆணிகூட அடிக்கமாட்டான். எனக்கு அதில் பெருமை வேறு.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். மறுநாள் மீட்டிங். ஒரு சிவப்புப் புள்ளிகூட இருக்கக் கூடாது என்று மேலிடத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். முப்பத்தெட்டு மிச்சம் இருந்தது. எல்லாம் ஒரே ரகம். லிஃப்ட் குழியின் வாய்க்கு நட்டிருந்த தடுப்புக் கம்பி, பிறகு வரப்போகும் லிஃப்ட் வாசல் சட்டத்தோடு இடிக்கிறதாம். நிஜத்தில் இடிக்காது. சட்டம் வரும் அன்று கம்பியைக் கழற்றிவிடுவார்கள். எது எப்போது வரும் என்று ஒவ்வொன்றுக்கும் தேதி கொடுத்தால் புள்ளி தானாக மறையும். ஆனால் அதற்கு அரை நாள் பிடிக்கும்.

எனக்குப் பொறுமை இல்லை. கம்பிகளை மாடலிலிருந்தே அழித்துவிட்டேன். ஐந்து மாடியிலும். மீட்டிங் முடிந்ததும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பு. அப்போது மணி ஒன்றரை. அழித்த கையோடு நிம்மதியாகச் சோறு சாப்பிட்டேன். அதே மாடல்தான் பிரதீப்பின் டேப்லெட்டுக்கும் போகிறது என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

மூன்றரைக்கு மழை பிடித்தது. வேலையாட்கள் கிளம்பிவிட்டார்கள். பிரதீப்பும் சிமெண்ட் லோடு பார்க்க அடிமாலிக்கு இறங்கிவிட்டான். கட்டடத்துக்கு எதிரே இருந்த தகர ஆபீசில் நான் மட்டும். ஏழு மணிக்கு ஜீப் வரும். தனியாக இருக்கிறோமே என்ற பயம் எல்லாம் இல்லை. வாட்ச்மேன் குருசாமி மூன்று மணிக்கே வந்துவிடுவார், காலையில்தான் போவார். தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைத் தாயி என்றுதான் கூப்பிடுவார்.

6.20 மணி. கடைசியாக ஒருமுறை சோதனையை ஓடவிட்டேன். பூஜ்யம் வர வேண்டும்.

ஒன்று வந்தது.

திறந்து பார்த்தேன். லிஃப்ட் குழியின் அடியில் ஒரு மனித உருவம். படுத்த வாக்கில் தரையோடு இடித்துக்கொண்டு கிடந்தது. கூடத்தின் அளவு தெரிவதற்காக மாடலில் ஆள் உருவங்களை நிறுத்தி வைப்பது உண்டு. கஞ்சிக்கோட்டு ஆபீசில் எவனோ கை தவறி இங்கே போட்டுவிட்டான் என்று நினைத்தேன். திட்டிக்கொண்டே அழித்தேன்.

மறுபடி ஓடவிட்டேன். மறுபடி ஒன்று.

அதே உருவம். இப்போது அடியில் இல்லை. முதல் மாடி உயரத்தில், குழிக்கு நடுவே அந்தரத்தில் இருந்தது. கை கால் விரிந்திருந்தது.

அழித்தேன்.

இரண்டாவது மாடி உயரம்.

எங்கள் உருவங்களுக்கு நிறம் கிடையாது, வெறும் சாம்பல். இதற்கு நீல மழைக்கோட்டு இருந்தது. மழைக்கோட்டை யாரும் வரைவதில்லை. அழித்தேன்.

மூன்றாவது மாடி. இப்போது அது நின்றுகொண்டிருந்தது. குழியின் விளிம்பில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு...

வெளியே சத்தம் கேட்டது. டங்... டங்... இரும்புக் குழாயை யாரோ தட்டுவது போல. கட்டடத்துக்குள் இருந்துதான்.

அப்போதுதான் உறைத்தது. பிரதீப்பைக் கூப்பிட்டேன்.

"லிஃப்ட் குழித் தடுப்பெல்லாம் இருக்குதா?"

"மூணாவது மாடிது கழட்டியாச்சுங்க. நீங்கதான மாடல்ல எடுத்துட்டீங்க? வாசல் சட்டம் வருதாக்கும்னு நெனச்சனுங்க. மீதியக் காலைல..."

"எப்பக் கழட்டுனீங்க?"

"மூணேகாலுக்குங்க. ஏனுங்க?"

போனை வைத்துவிட்டு ஓடினேன். ஆள் யாராவது மேலே போய்விட்டால்... அது ஒன்றுதான் மனதில்.

பனிமூட்டம் கட்டடத்துக்குள்ளேயே இறங்கியிருந்தது. போன் வெளிச்சம் இரண்டு அடிக்கு மேல் போகவில்லை. முதல் மாடி. இரண்டாவது. அந்தச் சத்தம் நின்றுவிட்டது. மூன்றாவது மாடியில் கால் வைத்தபோது மணி 6.40.

மாடலில் அந்த மாடி எனக்கு அத்துப்படி. படிக்கட்டிலிருந்து இடது பக்கம் திரும்பினால் லிஃப்ட். போன் திரையில் மாடலைத் திறந்து பார்த்துக்கொண்டே நடந்தேன்.

"அங்ஙனயே நில்லுங்க தாயி."

நின்றேன்.

வெளிச்சத்தைக் கீழே காட்டினேன். என் செருப்பு நுனிக்கு முன்னால் தரை இல்லை. கறுப்பாக இறங்கியது. கீழே எங்கோ தண்ணீர் சொட்டியது.

இன்னும் ஒரே எட்டு வைத்திருந்தால்...

"அண்ணே, நீங்களா?"

"ஆமா. பின்னால போங்க."

குழிக்கு இந்தப் பக்கம், பக்கவாட்டில் நின்றார் குருசாமி. நீல மழைக்கோட்டின் ஓரமும் ரப்பர் பூட்ஸும் தெரிந்தன. கோட்டிலிருந்து தண்ணீர் ஓயாமல் சொட்டியது. ஆனால் அவர் காலடியில் தரை காய்ந்திருந்தது. பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

"தடுப்பு இல்லண்ணே. என் தப்பு. காலைல முதல் வேலையா..."

"போடச் சொல்லுங்க."

"யாராச்சும் வந்துட்டா?"

"யாரும் வரமாட்டாங்க. நான் நிக்கேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை நிம்மதி. இறங்கிப் போய், தடுப்புக் கம்பிகளை மாடலில் திரும்பப் போட்டேன். முப்பத்தெட்டு புள்ளியும் சிவப்பாக வந்து நின்றன. அந்த உருவம் இல்லை. ஏழு மணிக்கு ஜீப்பில் ஏறினேன். மேலே பார்த்துக் கையைக்கூட ஆட்டினேன்.

காலையில் பிரதீப் கூப்பிட்டான்.

குருசாமியை லிஃப்ட் குழியிலிருந்து எடுத்திருந்தார்கள். மழை வந்ததும் மேலே கிடந்த சிமெண்ட் மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போடப் போயிருக்கிறார். தினமும் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறவர்... அன்றும் பிடிக்கக் கை நீட்டியிருப்பார்.

நேற்று சாயங்காலம்கூட நான் அவரோடு பேசினேன், அதற்குப் பிறகுதான் விழுந்திருக்க வேண்டும் என்றேன். உடலைப் பார்த்த டாக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். நான்கு மணிக்கெல்லாம் உயிர் போய்விட்டது, அதில் சந்தேகமே இல்லை என்றார்.

நான் செய்ததை எழுதிக் கொடுத்தேன். மேலிடத்தில் அதை வாங்கி வைத்துக்கொண்டு, மழையில் வழுக்கிவிட்டார் என்று பேசினார்கள். எனக்கு யாராவது என்னை ஓங்கி அறைந்தால் தேவலை என்று இருந்தது. யாரும் அறையவில்லை. மூன்றாம் நாள் எஸ்டேட் லயத்தில் இருந்த அவருடைய வீட்டுக்குப் போனேன்.

அவர் மனைவி மாரித்தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யார் என்று கேட்கவில்லை. எல்லாரிடமும் சொன்னதையே என்னிடமும் சொல்ல ஆரம்பித்தார்.

"அன்னைக்கு இங்ஙன வந்தாரும்மா. டிவியில நாடகம் ஓடுது, ஆறே முக்கால் இருக்கும். டூட்டிய விட்டுட்டு என்னத்துக்கு வந்தீகன்னேன். உள்ள வரல. வாசல்லயே நனஞ்சு நின்னாரு. கம்ப்யூட்டர் பிள்ளைய யாரும் ஏசிராதீகன்னாரு. துண்டு எடுத்துட்டு வாரேன்... ஆளக் காணோம். ஒருத்தரும் நம்ப மாட்டேங்காக."

அவர் அருகில் உட்கார்ந்தேன்.

"அந்தப் பிள்ளை நான்தாம்மா" என்றேன். கம்பியை அழித்ததைச் சொன்னேன். மூன்றாவது மாடியில் அவர் என்னை நிறுத்தியதையும் சொன்னேன். மணியையும் சொன்னேன்.

வைவார் என்று காத்திருந்தேன். எனக்கு அது வேண்டியும் இருந்தது. மாரித்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கிட்டப் பேசையில... அவருக்கு வலி இருந்துச்சா தாயி?"

"இல்லம்மா. நல்லாத்தான் இருந்தாரு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

நான் சொன்னது பொய். எனக்குத் தெரியாது. மூன்றாவது மாடியில் குருசாமி பேசிய நேரம் முழுக்க நான் குழியையும் போனையும்தான் பார்த்தேன். வெளிச்சத்தைத் தூக்கி அவர் முகத்தை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.