சொம்பில் கலந்த மருந்து

டாக்டர் ஞானமுத்து காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் ஒடுகத்தூர் பஸ் கண்டக்டர். மலைக்குப் போகும் மருந்துப் பெட்டியை ஏற்றிவிடக் காத்திருந்தேன். "சிஸ்டர், உங்க கண்ணு டாக்டரு ராத்திரி தவறிட்டாருங்க," என்றார். "காலங்காத்தால என்ன பேச்சு இது?" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். அப்புறம்தான் பெட்டியைக் கீழே வைத்தேன். எனக்கு எதற்கும் கோபம்தான் முதலில் வரும். டாக்டரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அது தெரிந்ததுதான்.

ஜவ்வாது மலைக் கண் முகாமில் நான் அவருக்கு நர்ஸ். அடுப்புப் புகையிலும் சாமை தூற்றும் தூசியிலும் கண் வறண்டு, மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்று பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அழற்சியைக் குறைக்கும் ஒரு சொட்டு மருந்து இதற்கு உதவுமா என்று டாக்டர் சோதித்துப் பார்க்க முன்வந்தார். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்து கலக்காத சொட்டு நீர். யாருக்கு எது என்று எங்களுக்கே தெரியாது. அந்த விவரம் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தது. கண்ணோரம் சின்னக் காகிதத் துண்டைச் செருகி, கண்ணீரில் அது எவ்வளவு நனைகிறது என்று பார்ப்போம். டாக்டருக்கு அது பல வருஷ ஆசை.

கனகம்மாவை மட்டும் அவர் சேர்க்கவில்லை. அவளுக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏற்கெனவே கூடுதல். இந்த மருந்து அதை இன்னும் ஏற்றி, வலியே தெரியாமல் பார்வையைப் பறித்துவிடலாம். "உனக்கு இது ஆகாதும்மா, வேற சொட்டு தர்றேன்," என்றார். அவள் முகம் சுண்டிப்போயிற்று. "எல்லாருக்கும் உண்டு, எனக்கு மட்டும் இல்லியாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த முகாமில் எல்லார் கண்ணிலும் காகிதம் நன்றாக நனைந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. டாக்டரோ, திரும்பி வந்த பாட்டில்களை மேஜையில் வரிசையாக நிறுத்திப் பார்த்தார். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் நின்றது.

"இன்னா மல்லிகா இது?" என்று முன்னால் நின்றவளிடம் கேட்டார்.

அவள் எதையும் மறைக்கவில்லை. "எனக்கு எரிச்சல் நின்னுபோச்சுங்க. பக்கத்து வூட்டுக்காரிக்கு நிக்கல. கெடா வெட்டுனா எல்லா வூட்டுக்கும் சமபங்குதானுங்க. அதான் அல்லாத்தையும் ஒரு சொம்புல ஊத்திப் பிரிச்சிக்கினோம்."

"அவங்கவங்க பாட்டில் அவங்கவங்களுக்குத்தான்னு படிச்சுப் படிச்சு சொன்னோமே, அறிவிருக்கா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தேன். டாக்டர் கையைக் காட்டினார். "திட்டாத ரெஜினா. இந்த ஊர்ல பங்கு போடுவாங்கன்னு எனக்குத் தோணியிருக்கணும்." பிறகு மல்லிகாவிடம் மெதுவாகக் கேட்டார். "கனகம்மாவுக்கும் பங்கு போச்சா?"

"அவளுக்குத்தாங்க மொதப் பங்கு. பாவம், மனசு ஒடஞ்சி கெடந்தா."

மற்றவர்கள் கண்ணைப் பரிசோதிக்க இன்னொரு டாக்டரிடம் சொல்லிவிட்டு, அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு கனகம்மா வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அவளோ ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தாள். "கண்ணு நல்லாத்தான தெரியுது, எதுக்குங்க வரணும்?" டாக்டர் அவளெதிரே தரையிலேயே உட்கார்ந்தார். "நல்லா தெரியறப்பவே வந்துடும்மா," என்றார். அன்றைக்கே ஜீப்பில் கீழே கொண்டுபோனோம். பார்வை போகாமல் தப்பியது.

சொம்பு விஷயத்தை விட்டுவிட்டு, நனைந்த கணக்கை மட்டும் எழுதி அனுப்பலாமே என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் யோசனை சொன்னார். "கெட்டுப்போச்சுன்னே எழுதறேன். கெட்டது சோதனைதான, கண்ணு இல்லியே," என்றார் டாக்டர். அந்தச் சோதனையைத் திரும்ப நடத்த அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. எனக்கும் இருக்கிறது.

கணியம்பாடியில் அடக்கம். கனகம்மா மலையிலிருந்து தனியாகவே பஸ் பிடித்து வந்திருந்தாள். பெட்டியருகே நின்றவள் நகரவேயில்லை. பின்னால் கூட்டம் நெருக்கியது. "நவுரும்மா," என்றேன்.

"இருங்க சிஸ்டர். இது அவரு காப்பாத்திக் குடுத்த கண்ணு. இன்னும் கொஞ்சம் அவரையே பாக்கட்டும்."

அதட்டத்தான் வாயெடுத்தேன். "திட்டாத ரெஜினா" என்று அவர் குரல் காதில் கேட்டது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு பேச்சைத்தான். பின்னால் நின்றவர்களிடம் திரும்பி, "அவ பாத்து முடிக்கட்டும்," என்றேன்.