எல்லம்மா பிய்த்த வேலி

போன வாரம் எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு பஞ்சாயத்து. பால்கனியில் நான் வைத்திருக்கும் தொட்டிச் செடிகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதாம். கீழ் ஃப்ளாட்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். ‘சாரி சார்’ சொல்லி அனுப்பினேன். கதவைச் சாத்தியதும் சிரிப்பு வந்துவிட்டது. செடிக்காக நான் போட்ட முதல் சண்டை ஞாபகம்தான்!

அது யுத்த காலம். கல்யாணமாகி சாத்தான்குளத்திலிருந்து திருவொற்றியூர் வந்த புதிது. என் வீட்டுக்காரருக்கு ராயபுரத்தில் மளிகைக் கடை. காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். பகலெல்லாம் நானும் கடல் காற்றும்தான். என்ன செய்ய?

தோட்டம் போட்டேன்.

வெறும் மணல். அவர் மாட்டு வண்டியில் செம்மண்ணும் எருவும் கொண்டுவந்து கொட்டினார். கத்திரி, வெண்டை, அவரை, ஒரு முருங்கை, ஒரு பப்பாளி. அவரை கொடி வீசிய மறுநாளே பக்கத்து வீட்டு ஆடு வந்து மொட்டையடித்துவிட்டுப் போனது.

பக்கத்து வீடு எல்லம்மாவுடையது. புருஷன் கட்டுமரத்தில் போவார். இவள் கூடையில் மீன் விற்பாள். மூன்று பெண் குழந்தைகள்.

“ஆட்டைக் கட்டிப் போட மாட்டீங்களா?” என்றேன்.

“ஆடுன்னா மேயத்தான் செய்யும். நீ வேணா உன் செடியக் கட்டிப் போடும்மே!”

அன்றோடு பேச்சு நின்றது. ரயில் பாதை ஓரத்தில் நொச்சிக் கிளைகளை வெட்டி வந்து, நெருக்கமாக வேலி நட்டார் இவர். நொச்சியில் ஆடு வாய் வைக்காது. இடுப்பு உயரத்துக்குத் தழைத்தது. தோட்டம் பிழைத்தது. கத்திரி பூவும் வைத்தது.

அப்போதுதான் அந்தப் பேச்சு கிளம்பியது... ஜப்பான்காரன் ஹார்பரில் குண்டு போடப் போகிறானாம். பட்டணமே மூட்டை கட்டியது. நாங்களும் கட்டினோம். நல்ல கோடை. தண்ணீர் ஊற்றாவிட்டால் செடிகள் ஒரு வாரம் தாங்குமா? நான் அழுதேன்.

“ஏட்டி, உயிரு பெருசா, கத்திரிக்கா பெருசா?” என்று அதட்டினார் இவர். வேலிக்கு அப்பால் எல்லம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பயம் தெளிந்து நாங்கள் திரும்பியபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. காய்ந்த குச்சிகளைப் பார்க்கத் தயாராகத்தான் கதவைத் திறந்தேன்.

பச்சைப் பசேல் என்றிருந்தது தோட்டம்! கத்திரி காய்த்துத் தொங்குகிறது. பப்பாளி என்னைவிட உயரம். ஆனால் ஆள் உயரம் வளர்ந்துவிட்ட வேலியில், ஒருவர் குனிந்து நுழையுமளவுக்கு ஓட்டை.

“வேலியப் பிச்சது யாரு?” என்று இவர் சத்தம் போட்டார்.

“நான்தான்.” ஓட்டைக்கு அந்தப் பக்கம் எல்லம்மா. இடுப்பில் கை. “அல்லாரும் ஊரைக் காலி பண்ணிகினு பூட்டீங்க. நாங்க எங்க போறது? கடலைத் தூக்கிகினு போவ முடியுமா இன்னா? மீனு வாங்க ஒரு ஆளு இல்ல. புள்ளைங்க சோறுன்னு அழுதுச்சுங்க. உன் கத்திரிக்காயக் கொடுத்து நொய் வாங்கினு வந்து ஆக்கிப் போட்டேன். இப்ப இன்னான்ற?”



“கிணத்துல தண்ணி இருந்துச்சா?” என்றேன். அவ்வளவுதான் கேட்க முடிந்தது.

“வெய்யில்ல வத்திப் போச்சு. கடக்கரை ஊத்துலேர்ந்து சொமந்துகினு வந்து ஊத்துனேன்.”

“உங்க ஆடு?”

“அத்தத்தான் மொதல்ல வித்தேன். புள்ளைங்க துன்ன வாணாவா?”

இவர் உள்ளே போய் அரிவாளோடு வந்தார். எல்லம்மா ஓரடி பின்வாங்கினாள். இவரோ ஓட்டைக்கு இந்தப் பக்கம் இரண்டு செடி, அந்தப் பக்கம் இரண்டு செடி என்று வெட்டித் தள்ளினார்.

“குனிஞ்சு குனிஞ்சு வராண்டாம்க்கா. நிமிந்தே வாங்க.”

எல்லம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் மட்டும் என்ன, சிரித்துக்கொண்டா நின்றேன்?

அந்த வழியை நாங்கள் அடைக்கவேயில்லை. பல வருஷம் கழித்து அவளுடைய மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். பந்தல் அவர்கள் வாசலில் பாதி, எங்கள் தோட்டத்தில் பாதி. எண்ணூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் திகைத்துப்போய், “இதுல பொண்ணு வூடு எது?” என்றார்கள்.

“ரெண்டும் பொண்ணு வூடுதான். உள்ள வாங்க!” என்றாள் எல்லம்மா.

விருந்தில் கத்திரிக்காய்க் குழம்பு. எங்கள் தோட்டத்துக் காய் — இந்த ‘எங்கள்’ யார் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?