ஜன்னலோரத்து டிஸ்க்

அன்று அறையில் இருந்தது நானும் அக்காவும் மட்டுந்தான். முதலாளி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். எங்கள் கொம்பியூட்டர்களை முதன்முதலில் ஒழுங்கு செய்துவைத்த அண்ணா, கனடா போய் நெடுநாள். அவர் எங்கள் கொம்பியூட்டர்களோடு பொருத்திவிட்டுப்போன டிஸ்க் மட்டும் ஜன்னலோரத்தில், தூசி படாமல், பழைய சாரத்தில் கிழித்த ஒரு துண்டின் கீழே, சின்னப் பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு கிடந்தது.

கிளிநொச்சியில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். அக்கா, அண்ணா என்றாலும் கூடப்பிறந்தவர்கள் அல்ல; அக்கா பக்கத்துக் கதிரையில் இருந்து வேலைசெய்த தர்மபுரத்துக்காரி. நாங்கள் நிரல் எழுதும் மொழிக்குப் புதிய பதிப்பு வரவிருந்தது. அதற்கு முன்னர், பிழை இருந்தால் கண்டுபிடிக்கவென்று விடும் ‘ரிலீஸ் கண்டிடேட்’ வந்திருந்தது. எங்கள் மென்பொருள் அதில் ஓடும் என்று வெள்ளிக்கிழமைக்குள் காட்டவேண்டும்; இல்லாவிட்டால் வேறு ஆட்களைப் பார்ப்பதாக வெளிநாட்டு வாடிக்கையாளர் சொல்லிவிட்டார். எங்கள் இருவரின் சம்பளமும் அந்த ஒரு வேலையில்தான் தங்கியிருந்தது. அது வியாழன் மத்தியானம். பில்ட் கொடுத்தால், அதாவது நிரலை ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்டச் சொன்னால், ஒவ்வொரு முறையும் பாதியில் சிவப்பு எழுத்தில் பிழை காட்டி நின்றது.

ஸ்கந்தபுரத்தில் எங்கள் வீட்டில் முதலில் படிப்பை முடித்தவன் நான். பிழை என்று எது சொன்னாலும் முதலில் என்னைத்தான் சந்தேகிப்பேன். அதனால் ஓடிக்கொண்டிருந்த என் நிரலையே கலைத்துக் கலைத்து எழுதினேன். அக்கா வேறு மாதிரி. சிவப்பு எழுத்தைக் கண்டால் ஊர்ப்புதினம் கேட்க வந்தவர்போலக் கதிரையை இழுத்துப்போட்டு, எல்லோரும் பார்க்கும் கடைசி வரியை விட்டுவிட்டு, முதல் வரியிலிருந்து வாசிப்பார்.

“அதை நோண்டாத தம்பி. நீ எழுதினது இதில ஒரு இடத்திலயும் இல்லை. புதுசுக்குப் பழைய லைப்ரரியைக் குடுக்குது. ஆர் குடுக்கிறது?”

லைப்ரரிகள், அதாவது மற்றவர்கள் எழுதி நாங்கள் எடுத்துப் பாவிக்கும் நிரல்கள், இணையத்திலிருந்துதானே வருகின்றன என்றேன்.

“அப்பிடியெண்டா என்ர லப்டொப்பிலயும் நிக்கவேணும். பாப்பம்.”

பையிலிருந்து தன் லப்டொப்பை எடுத்து, கைத்தொலைபேசி டேட்டாவில் பில்ட் கொடுத்தார். ஒரு முனகல் இல்லாமல் முடிந்தது. அதே நிரல், அதே ரிலீஸ் கண்டிடேட். ஆக, பிழை என்னிலும் இல்லை, மொழியிலும் இல்லை. எங்கள் அறைக்குள்தான் எங்கேயோ இருந்தது. அமைப்புக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம். கண்ணில் படாமல் மறைந்திருந்த ஒன்றில் ஒரே வரி: எதையும் வெளியே தேடாதே, டிஸ்க்கிலிருந்து எடு.

அலுவலகம் தொடங்கியபோது இங்கே இணைய இணைப்பு இல்லை. அண்ணா பஸ் ஏறி வவுனியாவில் கூட்டாளி வீட்டுக்குப் போய், தேவையான லைப்ரரிகளை அந்த டிஸ்க்கில் இறக்கிக்கொண்டு வருவாராம். அந்த வரி அப்போது அவர் எழுதிவைத்தது. பிறகு இணைப்பு வந்தது. பழைய பதிப்புக்கு டிஸ்க்கில் இருந்ததே போதுமாயிருந்ததால் அந்த வரியை யாரும் தேடவில்லை.

அக்கா வட்ஸ்அப்பில் சொன்னதும் அண்ணாவின் குரல் வந்தது: “எடி பிள்ளை, அதுக்கு இன்னும் உயிர் கிடக்கே? அதைச் சொல்லாமலே பிளேன் ஏறிப்போட்டன்.”

வரியை நீக்கினோம். பில்ட் முடிந்தது. வாடிக்கையாளரின் வேலை எங்களிடமே தங்கியது.

அக்கா இப்போது கொழும்பில். புதிய ரிலீஸ் கண்டிடேட் வரும்போதெல்லாம் நானும் முதல் வரியிலிருந்துதான் வாசிக்கிறேன். டிஸ்க் அதே ஜன்னலோரத்தில், அதே சாரத்துண்டின் கீழே, விளக்கில்லாமல் இருக்கிறது. அன்று கல்யாணத்திலிருந்து திரும்பிய முதலாளி, பிழையைத் திருத்தச் செலவு என்னவென்று கேட்டதும், அதன் பக்கம் பார்த்தபடிதான் அக்கா சொன்னார்:

“அண்ணான்ர பஸ் காசு எவ்வளவெண்டு எங்களுக்குத் தெரியாது. என்ர டேட்டா இருநூறு ரூபா.”