குடத்தை மறித்த கை

பசுந்தேயிலைக்கு விலை இல்லாமல் போன சமயம் அது. கட்டபெட்டுப் பக்கம் இருந்த வெள்ளைக்காரர் காலத்துச் சுண்ணாம்புக் காளவாயை, பழைய பங்களா ஒன்றின் பூச்சு வேலைக்காக மறுபடி மூட்டினார்கள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நானும் என் வீட்டுக்காரரும் அங்கே கூலிக்குப் போனோம்.

ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எதற்கெடுத்தாலும் பயம். சுட்ட கல்லில் தண்ணீர் பட்டால் கொதித்துப் பொங்கும் என்று மேஸ்திரி முதல் நாளே சொல்லிவிட்டார். அதிலிருந்து குடிதண்ணீர்க் குடத்தைக்கூடத் தள்ளியே வைப்பேன்.

ஒரு நாள் கல்லை வாரும்போது காற்று திரும்பி, சுண்ணாம்புத் தூள் என் வீட்டுக்காரர் கண்ணில் அடித்துவிட்டது. துடித்துப் போனார். கூட வேலை செய்த சரசக்கா குடத்தோடு ஓடி வந்தார். நான் குறுக்கே விழுந்து மறித்தேன்.

"வேண்டாங்க்கா! தண்ணி பட்டா கண்ணு வெந்துபோயிரும்!"

"ஊத்தாட்டித்தான் வேகும். தள்ளு புள்ள!"

சரசக்கா என்னை இடித்துத் தள்ளிவிட்டு, என் வீட்டுக்காரரின் இமையைப் பிரித்துப் பிடித்து ஊற்றினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் வரும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

உடனே கழுவியதால்தான் பார்வை தப்பியது என்றார் டாக்டர்.

"அன்னிக்கு நீ ஜெயிச்சிருந்தா, என்னையக் கையப் புடிச்சுக் கூட்டீட்டுத் திரிஞ்சிருப்பே" என்று என் வீட்டுக்காரர் இப்போதும் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பயப்படுவதுதான் பாசம் என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போதும் பயம் வரும். வந்தால், யாரையும் மறிக்காமல் முதலில் ஒதுங்கி நிற்கிறேன்.