ஸ்டெல்லா வீட்டு மணி பிளான்ட்

பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் மணி பிளான்ட்டைத் திருடியவன் நான். திருடி வைத்தால்தான் வளரும் என்று தாம்பரத்தில் எல்லோரும் நம்பிய காலம். மின்சார ரயில் கடக்கும்போதெல்லாம் அவர்கள் வீட்டு மாமரத்தில் நடுங்கும் அந்த மஞ்சள் தெளித்த பெரிய இலைகளுக்கு ஆசைப்பட்டு, ஒரு கணு போதாதென்று அடித்தண்டையே அறுத்தேன். மேலே படர்ந்திருந்ததெல்லாம் வெயிலில் கருகியது. பழி ஸ்டெல்லா மேல் விழுந்து அவள் அடி வாங்கியபோது, வேலிக்கு இப்பால் பேசாமல் நின்றேன்.

அந்த வீடும் மரமும் போய் அடுக்குமாடி வந்துவிட்டது. கொடி மட்டும் என்னிடம் இருக்கிறது. அதை நறுக்கும்போது எழும் பச்சை வாசனை இன்றும் என்னை அந்த வேலியருகே நிறுத்துகிறது.

போன மாதம் ஒரு துண்டைத் தொட்டியில் நட்டு ஸ்டெல்லாவிடம் கொண்டுபோய், எல்லாவற்றையும் சொன்னேன்.

“குடுத்தா வளராதுடா, திருடா. எடுத்துட்டுப் போ” என்றாள்.

நேற்று வந்து காபி குடித்துவிட்டுப் போனாள். அவள் போனபின் பார்த்தேன், கேட்டருகே என் கொடியில் ஒரு கணு குறைந்திருந்தது.